தாமிரபரணி: 128 கிலோமீட்டர் ஆறு இத்தனை ஊர்களை எப்படித் தாங்குகிறது?

பாபநாசத்தான் (இழையைத் தொடங்கியவர்)

காவிரியைப் பற்றி இங்கே எத்தனையோ இழைகள் ஓடியிருக்கின்றன. தாமிரபரணிக்கென்று ஒன்றுகூட இல்லை. அந்தக் குறை தீரட்டும் என்று தொடங்குகிறேன்.

பொதிகை மலையில் பிறந்து புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கும் இந்த ஆற்றின் நீளம் ஏறத்தாழ 128 கிலோமீட்டர். காவிரி 800 கிலோமீட்டர் ஓடுகிறது, வைகை 258. அவற்றின் பக்கத்தில் வைத்தால் இது சிறிய ஆறு. ஆனால் இந்தச் சிறிய ஆறுதான் திருநெல்வேலி, தூத்துக்குடி இரண்டு மாவட்டங்களிலும் ஏறத்தாழ 86,000 ஏக்கருக்குப் பாசனம் தருகிறது. அதற்கு மேல் குடிநீர்த் திட்டங்கள் இருக்கின்றன. நவகைலாயம் என்னும் ஒன்பது சிவன் கோயில்களும் நவதிருப்பதி என்னும் ஒன்பது பெருமாள் கோயில்களும் இதன் கரையிலும் இதன் பாசன வயல்களுக்கு நடுவிலும்தான் இருக்கின்றன.

முதல் காரணம் மலை. தென்மேற்குப் பருவமழை ஜூனில் முகடு தாண்டி இந்தப் பக்கமும் கொட்டுகிறது. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொள்கிறது. களக்காடு முண்டந்துறைக் காடு இரண்டு மழையையும் வாங்கி வைத்துக்கொண்டு கோடையிலும் கசியவிடுகிறது. காரையாறு, சேர்வலாறு, மணிமுத்தாறு, கடனாநதி, பச்சையாறு, குற்றாலத்து மலையிலிருந்து வரும் சிற்றாறு என்று வழியெல்லாம் துணையாறுகள் சேர்கின்றன. வயலில் கார், பிசானம் என்று இரண்டு போகம் நெல் விளைவதும் இந்த இரண்டு மழையால்தான்.

ஆனால் மழை மட்டும் காரணம் என்றால் எனக்கு ஒப்புதல் இல்லை. இந்த ஆற்றை ஆறாக வைத்திருப்பவை எட்டு அணைக்கட்டுகள். மேலிருந்து வரிசையாகச் சொல்கிறேன்: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். கடைசியில் உள்ள ஸ்ரீவைகுண்டம் ஆங்கிலேயர் ஆட்சியில் 1870-களில் முடிந்தது. மற்ற ஏழும் அதற்கு வெகு காலம் முந்தியவை. பாபநாசம் மேலணை (143 அடி), மணிமுத்தாறு அணை (118 அடி), சேர்வலாறு அணை (156 அடி) எல்லாம் இருபதாம் நூற்றாண்டில்தான் வந்தன. தேக்கி வைக்கும் பெரிய அணை ஒன்றுமே இல்லாத காலத்தில், ஆற்றின் குறுக்கே தாழ்வாகக் கல்லை அடுக்கி, வேண்டிய அளவைக் கால்வாயில் திருப்பிவிட்டு, மீதியைக் கீழூருக்கு வழிய விட்டிருக்கிறார்கள். அணைக்கட்டைத் தாண்டி வழிகிற தண்ணீர் கீழே இருப்பவனின் பங்கு.

கன்னடியன் கால்வாய்க்கு எங்கள் பக்கம் ஒரு கதை உண்டு. கன்னட தேசத்திலிருந்து வந்த ஒரு பிரம்மச்சாரி, தனக்குக் கிடைத்த பொன்னை என்ன செய்வது என்று அகத்தியரைக் கேட்டாராம். ஒரு பசுவைப் பின்தொடர்ந்து கால்வாய் வெட்டு, அது படுக்கும் இடத்தில் குளம் வை, சிறுநீர் விடும் இடத்தில் மடை வை என்றாராம் முனிவர். கதைதான். ஆனால் மாடு மேட்டில் ஏறாமல் சரிவைப் பார்த்தே நடக்கும் என்பது மேய்ப்பவர்களுக்குத் தெரியும். நிலத்தின் வாட்டம் பார்த்துக் கால் வெட்டிய அறிவை ஊர் இப்படி நினைவில் வைத்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

உங்கள் ஊர் எந்தக் காலில் (கால்வாயில்) இருக்கிறது, அங்கே இப்போது நிலைமை என்ன? எழுதுங்கள்.

குறுக்குத்துறை

அருமையான தொடக்கம் அண்ணாச்சி. நகரத்துப் பகுதியை நான் எழுதுகிறேன்.

எங்கள் குறுக்குத்துறை முருகன் கோயில் ஆற்றுக்குள்ளேயே இருக்கிறது. வெள்ளம் வரும் மேற்குப் பக்கத்து மதில் படகின் முனைபோல் குறுகிக் கட்டப்பட்டிருப்பதால், தண்ணீர் அதில் மோதி இரண்டாகப் பிரிந்து போகும். வெள்ளம் வருகிறது என்று தெரிந்தவுடன் உற்சவரையும் உண்டியலையும் கரைமேல் இருக்கும் மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். மூலவர் பாறையில் செதுக்கப்பட்டவர், அங்கேயே இருப்பார். தண்ணீர் வடிந்ததும் சேற்றை அள்ளிக் கழுவிவிட்டுப் பூசையைத் தொடர்வார்கள். கோயிலுக்குள் வெள்ளம் வந்துவிட்டது என்று வெளியூர்க்காரர்கள் பதறுவார்கள். இங்கே அது ஆண்டின் ஒரு பகுதி.

இன்னொன்று, சுலோச்சன முதலியார் பாலம். 1843-இல் திறக்கப்பட்டது. அதற்கு முன்பு நெல்லைக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவே படகில்தான் போக வேண்டும். ஆட்சியர் அலுவலகத்தில் சிரஸ்தாராக (தலைமை எழுத்தராக) இருந்த சுலோச்சன முதலியார் தம் குடும்பச் சொத்தைக் கொண்டு கட்டிய பாலத்தின் மேல் இன்றும் பஸ் போகிறது. ஒரு தனிமனிதர் இரண்டு நகரங்களைச் சேர்த்துவைத்தார். பெயரைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

கடைமடை

பாபநாசத்தான் அண்ணாச்சி, நீங்கள் மேலே இருந்துகொண்டு பார்க்கிறீர்கள். நான் ஆத்தூர்ப் பக்கம். எங்களிடம் வந்து "வற்றாத ஜீவநதி" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டிலிருந்து வடகால், தென்கால் இரண்டு பிரிகின்றன. வடகால் கடைசியாகப் போய்ச் சேருவது தூத்துக்குடி அருகே உள்ள கோரம்பள்ளம் குளம். தென்கால் ஆத்தூர், திருச்செந்தூர்ப் பக்கம் வருகிறது. மேலே ஏழு அணைக்கட்டும் குடித்துவிட்டு மிஞ்சியது எங்களுக்கு. அந்த மிச்சத்திலும் தொழிற்சாலைகளுக்கென்று நாளொன்றுக்கு 2 கோடி காலன் எடுக்கும் திட்டம் எங்கள் அணைக்கட்டிலிருந்துதான் போடப்பட்டது. அதை எதிர்த்து விவசாயிகள் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனார்கள். கார் சாகுபடி எங்களுக்கு எத்தனையோ ஆண்டு பொய்த்திருக்கிறது. பிசானம் ஒன்றுதான் நம்பிக்கை. நெல்லை விட்டுவிட்டு வாழைக்கும் வெற்றிலைக்கும் போனவர்கள் ஏராளம்.

ஆத்தூர் வெற்றிலைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மகிழ்ச்சிதான். ஆனால் வெற்றிலைக்கொடி ஒருநாளும் வேர் காயக் கூடாது, வேரில் தண்ணீர் தேங்கவும் கூடாது. அகத்திக்காலின் நிழலில், வரிசைக்கு நடுவே ஓடும் வாய்க்காலில் ஈரம் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நெல்லாவது சில நாள் பொறுக்கும். கொடி பொறுக்காது. கால்வாயில் தண்ணீர் நின்றால் கிணற்றைப் பார்க்க வேண்டும். கடலோரக் கிணற்றில் உப்பு ஏறிவிட்டால் அதுவும் போயிற்று. ஆற்றில் நல்ல தண்ணீர் கடல்வரை வந்தால்தான் உப்பு பின்வாங்கும். "கடலில் வீணாகக் கலக்கிறது" என்று பேசுகிறவர்கள் ஒருமுறை எங்கள் கிணற்றுத் தண்ணீரை வாயில் விட்டுப் பார்க்க வேண்டும்.

பாபநாசத்தான்

அம்மா, நீங்கள் சொல்வதில் ஒரு சொல்லையும் நான் மறுக்கவில்லை. நான் அணைக்கட்டுகளைக் கொண்டாடுவதும் அதே காரணத்துக்காகத்தான். அணைக்கட்டின் உயரம், கால்வாய் மதகின் அகலம் எல்லாம் கீழூரையும் எண்ணி வைத்தவை. இப்போது ஆற்றுக்குள் உறைகிணறு இறக்கி மோட்டார் வைத்து எடுப்பதற்கு அந்தக் கணக்குத் தெரியாது. கல் அணைக்கட்டைத் தாண்டி மீதி வழியும். மோட்டார் மீதி வைக்காது.

ஆற்றை மூடிப் படரும் அமலைச்செடியும் இருக்கிறது. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுக்கு மேலே மணலும் சேறும் தட்டிப் போய்க் கொள்ளளவே குறைந்துவிட்டது. மழைக்காலத்தில் ஆயிரக்கணக்கான கன அடி மேலே வழிந்து கடலுக்குப் போகிறது, அடுத்த கோடையில் தேக்கி வைத்த தண்ணீர் இல்லை.

பரம்புமேடு

தொல்லியல் படிக்கிறவன். கீழாற்றைப் பற்றிச் சொல்ல எனக்கும் இருக்கிறது.

ஆதிச்சநல்லூரின் பழங்கால இடுகாட்டில் 1876-இல் ஜெர்மானியர் யாகோர் தோண்டினார். பிறகு அலெக்சாண்டர் ரீ 1899 முதல் 1905 வரை தோண்டி, பொன் நெற்றிப்பட்டங்கள், வெண்கலப் பொருள்கள், இரும்புக் கருவிகள் என்று அள்ளிக்கொண்டு போனார். பெரும்பகுதி சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 2004-இல் இந்தியத் தொல்லியல் துறை மறுபடி தோண்டியது. ஆற்றுக்கு வடக்கே சிவகளையில் முதுமக்கள் தாழிக்குள் கிடைத்த நெல் உமியின் காலம் கி.மு. 1155 என்று 2021-இல் அரசு அறிவித்தது. மூவாயிரம் ஆண்டுக்கு முந்திய நெல்.

இடத்தைப் போய்ப் பாருங்கள். ஆதிச்சநல்லூரில் தாழிகள் புதைந்திருக்கும் மேட்டை ஊரார் பரம்பு என்கிறார்கள். ஏர் இறங்காத கல்லாங்குத்து. தாழி வைப்பதற்காகப் பாறையையே குடைந்திருக்கிறார்கள். அங்கே நின்று ஆற்றுப் பக்கம் பார்த்தால் வயலும் வாழையுமாகப் பச்சை. விளையும் நிலத்தில் ஒரு முழம்கூட இடுகாட்டுக்கு விடவில்லை. அந்தக் காலத்திலேயே இந்த ஆற்றுவண்டலின் மதிப்பை அறிந்து ஊரமைத்த மக்கள் இவர்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அடுத்து துறைமுகம். பாண்டியரின் முத்துத் துறைமுகம் கொற்கை. கிரேக்க, ரோமானியக் குறிப்புகளில் வரும் ஊர். இன்று அங்கே போனால் கடலே தெரியாது, சில கிலோமீட்டர் நடக்க வேண்டும். ஆறு கொண்டுவந்து தள்ளிய வண்டலால் கடல் விலகிவிட்டது. கொற்கை தூர்ந்தபின் கடலருகே காயல் எழுந்தது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ பார்த்தது அதைத்தான். அதுவும் உள்ளே போய்விட்டது, இன்று பழையகாயல் என்கிறோம். பிறகு போர்த்துகீசியர் காலத்தில் புன்னைக்காயல். தமிழில் அச்சுப் புத்தகம் கொண்டுவந்த அண்டிரிக் அடிகளார் வாழ்ந்து பணியாற்றிய ஊர் அது. ஒரே ஆறு மூன்று துறைமுகங்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தந்தது, முந்தியதை அதுவே தூர்த்தது. கால்டுவெல் 19-ஆம் நூற்றாண்டிலேயே கொற்கையில் தோண்டிப் பார்த்து இதை எழுதிவைத்தார்.

கொங்குத்தமிழன்

வெளியூரிலிருந்து ஒரு ஐயம். முக்கூடற்பள்ளு என்று பள்ளியில் படித்தோமே, அந்த முக்கூடல் எங்கே இருக்கிறது? வரைபடத்தில் அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு முக்கூடல் காட்டுகிறது.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

தம்பி, அது வேறு ஊர். பள்ளில் வரும் முக்கூடல் சீவலப்பேரி. சிற்றாறு தாமிரபரணியில் வந்து சேரும் இடம், திருநெல்வேலிக்குக் கிழக்கே. அழகர் கோயில் அங்கே இருக்கிறது. பள்ளில் வருகிற அழகரும் அவரே.

அந்தப் பாட்டைப் பிள்ளைகளுக்கு நடத்தும்போதெல்லாம் ஓரிடத்தில் நிறுத்துவேன்:

"ஆற்று வெள்ளம் நாளைவரத் தோற்றுதே குறி – மலை
யாள மின்னல் ஈழமின்னல் சூழ மின்னுதே"

மேற்கே மலையாளத்துப் பக்கம் ஒரு மின்னல், தென்கிழக்கே ஈழத்துப் பக்கம் ஒரு மின்னல். பாபநாசத்தான் தொடக்கத்தில் இரண்டு பருவமழை என்று சொன்னாரே, அந்த இரண்டு திசையும் ஒரே அடியில் இருக்கின்றன. பள்ளன் வானத்தைப் பார்த்து, நாளை ஆற்றில் வெள்ளம் வரும் என்று சொல்கிறான். அவனுக்கு வானிலை அறிக்கை கிடையாது, நாற்றங்கால் தயாராக வேண்டும் என்ற அவசரம் உண்டு. நாட்டுப்புறத்து உழவனின் அறிவை இலக்கியம் இவ்வளவு துல்லியமாகப் பிடித்த இடங்கள் குறைவு. அடுத்தடுத்த அடிகளில் தவளை கூப்பிடும், நண்டு வளையை அடைக்கும். வயலில் நின்றவர் எழுதிய பாட்டு.

ஏரல் கடைவீதி

ஐயா வெள்ளக்குறி பற்றிச் சொன்னதால் எழுதுகிறேன். 2023 டிசம்பர் 17, 18. எங்களுக்கு எந்தக் குறியும் உதவவில்லை.

எல்லோரும் அணையைத் திறந்துவிட்டதால் வந்த வெள்ளம் என்றே பேசினார்கள். அது பாதிதான். அன்று மழை மலையில் மட்டும் பெய்யவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். கடலோரத்தில், ஆற்றின் வாயிலேயே வானம் உடைந்துவிட்டது. மேலிருந்து வெள்ளம், பக்கத்திலிருந்து உடைந்த குளங்களின் தண்ணீர், தலைமேல் மழை. ஏரல் துண்டிக்கப்பட்டுக் கிடந்தது. கடைவீதியில் இருந்த சரக்கு முழுவதும் சேற்றில். என் கடையில் கணக்குப் புத்தகம், தராசு, அரிசி மூட்டை எல்லாம் ஒரே களிமண்ணாகக் கிடந்தன. ஷட்டரைத் திறக்கவே கடப்பாரை வேண்டியிருந்தது.

ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோன திருச்செந்தூர் ரயிலில் ஏறத்தாழ 800 பேர் இருந்தார்கள். அவர்களில் பலருக்குப் பக்கத்துக் கிராமத்து மக்கள், தங்கள் வீட்டிலேயே தண்ணீர் சூழ்ந்த நேரத்தில், சமைத்துப் போட்டார்கள். வெள்ளத்தைப் பற்றி எழுதும் யாரும் இதை விட்டுவிடக் கூடாது.

குளத்துக் கரைகளையும், மிஞ்சிய தண்ணீர் வழியும் மறுகால்களையும் காலத்தில் பார்த்திருந்தால் சேதம் குறைந்திருக்கும். மறுகால் போகும் ஓடையில் வீடு கட்டியாயிற்று. தண்ணீர் வேறு எங்கே போகும்?

பாய்க்காரர் வீட்டுப் பெண்

பத்தமடை பற்றி யாரும் எழுதவில்லையே. ஆற்றங்கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் வளரும் கோரையை அறுத்து, பச்சையாக இருக்கும்போதே கிழித்து, காயவைத்து, பிறகு ஓடுகிற தண்ணீரில் நாள்கணக்காக ஊறப்போடுவோம். தேங்கிய தண்ணீரில் போட்டால் அழுகி நிறம் கெட்டுவிடும். ஓட்டமுள்ள தண்ணீரில் போட்டால்தான் ஊதிப் பதமாகும். மறுபடி காயவைத்து, அதையும் நறுக்கென்று மெல்லியதாகக் கீறி நெய்வது பட்டுப்பாய். துணியைப்போல் மடித்து வைக்கலாம். நெய்பவர்கள் பெரும்பாலும் எங்கள் முஸ்லிம் பெண்கள், திருமணத்துக்கு மணமக்கள் பெயர் போட்டு நெய்து தருவோம், எந்தச் சாதி மதமானாலும்.

வாய்க்காலில் சாக்கடை கலந்தால் கோரையில் நாற்றம் ஏறுகிறது. பாய் விற்குமா? எனக்கு ஆறு கெடுவது என்பது இதுதான்.

குறுக்குத்துறை

அக்கா சொன்னது நகரத்துக்கு இன்னும் கடுமையாகப் பொருந்தும். சுத்தமல்லியில் பிரியும் நெல்லைக் கால்வாய் டவுனுக்குள் வந்து நயினார்குளத்தில் சேர்கிறது. பாளையங்கால் மேலப்பாளையம், பாளையங்கோட்டை வழியாகப் போகிறது. இரண்டிலும் வீட்டுக் கழிவுநீர் நேராக விழுகிறது. ஆற்றிலும் விழுகிறது. குடிநீருக்கு எடுக்கும் அதே ஆற்றில்.

சிவனடியார்

ஆன்மிகத்தை மறந்துவிட்டு ஆற்றைப் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை. 2018 அக்டோபரில் மகா புஷ்கரம் என்னும் நீராடல் விழா நடந்தபோது தூர்ந்து கிடந்த எத்தனையோ படித்துறைகள் சுத்தமாயின. அதற்கு முன் பாதி இளைஞர்களுக்குத் தங்கள் ஊரில் தீர்த்தக்கட்டம் இருப்பதே தெரியாது. பாபநாசத்திலிருந்து சேர்ந்தபூமங்கலம் வரை நவகைலாயம் ஒன்பதையும் இப்போது பஸ் பிடித்துப் போய்ப் பார்க்கிறார்கள். ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் கூடும் கூட்டம் இந்த ஆற்றின் மேல் மக்களுக்கு உள்ள பக்தி. பக்தி இருக்கும்வரை ஆற்றை யாரும் கைவிட மாட்டார்கள்.

பாபநாசத்தான்

ஐயா, நானும் அமாவாசைக்கு மூழ்குகிறவன்தான். ஆனால் எங்கள் பாபநாசம் படித்துறையில் பரிகாரம் என்று உடுத்திய துணியை ஆற்றிலேயே விட்டுவிட்டுப் போகிறார்களே, அதை எந்தச் சாத்திரம் சொன்னது? தண்ணீருக்கு அடியில் சேலையும் வேட்டியும் மண்ணோடு பின்னிக் கிடக்கின்றன. தன்னார்வலர்கள் இறங்கி மூட்டை மூட்டையாக இழுத்துப் போடுகிறார்கள். ஆழமான கசத்தில் குளிக்க இறங்குபவரின் காலைச் சுற்றிக்கொள்கிறது. படியில் நிற்கும் ஒரு புரோகிதர் "துணியைக் கரையில் வையுங்கள்" என்று ஒரு வார்த்தை சொன்னால் பாதி நின்றுவிடும். பக்தி காப்பாற்றும் என்கிறீர்கள். காப்பாற்றட்டும், இதிலிருந்து தொடங்கலாம்.

திருப்புடைமருதூரைப் பாருங்கள். கோயிலைச் சுற்றியுள்ள மருதமரங்களில் கூடு கட்டும் பறவைகளை ஊரே காவல் காத்ததால் 2005-இல் அதைப் பறவைகள் காப்பகமாக அறிவித்தார்கள். அந்தப் பக்தி எனக்குப் புரிகிறது.

ஜூலை 23

இந்த ஆற்றைப் பற்றிய பேச்சில் இது விடுபடக் கூடாது. 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டுத் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்துக்கு ஊர்வலமாக வந்தார்கள். போலீஸ் தடியடி நடத்தியது. உயிர் தப்ப ஆற்றுக்குள் ஓடியவர்களில் 17 பேர் இறந்தார்கள், பெண்களும் ஒரு குழந்தையும் உட்பட. மாஞ்சோலை இருப்பது இதே ஆற்றுக்கு நீர் தரும் மலையில். அந்த மலையில் உழைத்தவர்கள் இந்தத் தண்ணீரில் செத்தார்கள். ஆண்டுதோறும் அந்த நாளில் ஆற்றில் மலர் தூவுகிறார்கள். நான் போவதுண்டு.

பரம்புமேடு

வணக்கத்துக்குரிய பதிவு.

மணலைப் பற்றியும் ஒரு சேதி சேர்க்கிறேன். 2010-இல் தோழர் நல்லகண்ணு உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் தாமே வாதாடி, தாமிரபரணியில் மணல் அள்ளுவதற்கு ஐந்தாண்டுத் தடை வாங்கினார். ஸ்ரீவைகுண்டத்துக்காரர். மணல் போனால் ஆற்றின் தரை இறங்கும், தரை இறங்கினால் கால்வாய்த் தலைமதகில் தண்ணீர் ஏறாது, கிணறுகளும் கீழே போகும்.

கொங்குத்தமிழன்

இழையைப் படித்துவிட்டு நேரில் வரத் தோன்றுகிறது. எந்த மாதம் வந்தால் ஆற்றை முழுமையாகப் பார்க்கலாம்?

கடைமடை

ஜூன் கடைசியில் வாருங்கள் தம்பி. அணையில் இருப்பு இருந்தால் ஜூன் முதல் தேதி கார் சாகுபடிக்குத் தண்ணீர் திறப்பது வழக்கம். பாபநாசத்தில் தொடங்கி ஒவ்வொரு அணைக்கட்டாகக் கீழே இறங்கி வந்தால் மருதூர் வரை எல்லாம் நிறைவாகத் தெரியும். அங்கே நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். ஸ்ரீவைகுண்டம் தாண்டி வந்து தென்காலில் தண்ணீர் ஓடுகிறதா என்று பாருங்கள்.

அண்ணாச்சி, நீங்கள் ஒரு வேலை செய்யுங்கள். மேலே காலில் தண்ணீர் விட்ட தேதியை இங்கே எழுதுங்கள். அது எங்கள் மடைக்கு எந்தத் தேதியில் வந்தது, வந்ததா இல்லையா என்று நான் எழுதுகிறேன். கோரம்பள்ளத்துக்காரர் யாராவது இருந்தால் வடகால் கணக்கை அவர் எழுதட்டும்.

பாபநாசத்தான்

எழுதுகிறேன் அம்மா. கோடைமேலழகியானிலிருந்து தொடங்கி எட்டு அணைக்கட்டுக்கும் தனித்தனி வரி போடுகிறேன். நடுவில் உள்ள சுத்தமல்லியையும் மருதூரையும் பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும்.

குறுக்குத்துறை

சுத்தமல்லி என் பொறுப்பு.